வெட்டிய வால் எதுவரை வளரும்?

வல்லத்து டீக்கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிறார். அவர் கேட்டது நல்ல கேள்வி: "கடிபட்டுக் கிழிஞ்ச வாலு மீனுக்குத் திரும்ப வளருது. நம்ம விரல் மட்டும் ஏன் சார் வளரல?"

உட்காருங்கள் அண்ணே, சொல்கிறேன். நீலக்கோடு போட்டு ஓடுகிறதே அந்த ஜீப்ரா மீன், அதை வைத்துத்தான் உலகம் முழுக்க இதை ஆராய்கிறார்கள். பெயரைக் கேட்டு வெளிநாட்டு மீன் என்று நினைக்காதீர்கள். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலிலேயே அது இருக்கிறது.

அதன் வால் துடுப்பில் பாதியை வெட்டினால், இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய பழையபடி வந்துவிடும். ஒரு நாளுக்குள் தோல் செல்கள் நகர்ந்துவந்து காயத்தை மூடும். அடுத்த ஓரிரு நாளில் அதன் அடியில் செல்கள் மொட்டுபோலத் திரளும், பிளாஸ்டிமா என்பார்கள். முதிர்ந்த எலும்புச் செல்கூட இளமைக்குத் திரும்பிப் பெருகும். ஆனால் நினைத்ததாக எல்லாம் மாறாது, எலும்பிலிருந்து வந்தது மறுபடி எலும்புதான்.

மொட்டு கட்டச் சொல்வது யார்? 2005-இல் ஒரு மரபணு பிடிபட்டது: எஃப்ஜிஎஃப்20ஏ. அது பழுதான மீனுக்கும் வால் ஒழுங்காகவே இருக்கும். வெட்டினால் மட்டும் மொட்டு கட்டாது. அப்படியானால் நமக்கு அந்த மரபணு இல்லையா? அதன் இணை நம்மிடமும் இருக்கிறது. மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டு. அதனால் மரபணுவைவிட, காயம் பட்டதும் அதை முடுக்கிவிடும் டி.என்.ஏ. துண்டுகளைத்தான் இப்போது துருவுகிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கென் பாஸ் குழு, மீனின் லெப்டின் மரபணு அருகே அப்படியொரு துண்டைக் கண்டது. அதை எலிக்குள் வைத்தார்கள். காயம்பட்ட எலிக்குட்டியின் பாதத்திலும் அது வேலை செய்தது! அதற்காக விரல் முளைத்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பெரிய வியப்பு, வால் வளர்வதில்கூட இல்லை, சரியான அளவில் நிற்பதில்தான். நுனியில் வெட்டினால் மெதுவாக வளரும். அடியை ஒட்டி வெட்டினால் வேகமாக வளரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழைய அளவை எட்டும். எவ்வளவு போயிற்று என்பது மிச்சமிருக்கும் துண்டுக்குத் தெரிந்திருக்கிறது. இதில், செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அமைக்கும் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அப்படி ஒன்று வேலை செய்யக்கூடாத இடத்தில் வேலை செய்வதால்தான், கடையில் விற்கிற நீளவால் ஜீப்ராவுக்கு அந்த வால். அதை வெட்டினாலும் திரும்ப நீளமாகத்தான் வளரும்.