ஊரில் 800 பேர். பார்க்க வருவது 10 ஆயிரம் பேர்!

முன்னால் ஏரி. பின்னால் மலை. இரண்டுக்கும் இடையே ஒரு சின்னஞ்சிறு ஊர். அதன் பெயர் ஹால்ஸ்டாட்.

ஐரோப்பா கண்டத்தில், ஆஸ்திரியா நாட்டில் இந்த ஊர் இருக்கிறது. மொத்த ஜனத்தொகை 800-க்கும் குறைவு. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு இதைவிட அதிகமாகக் கூட்டம் வரும்!

ஆனால், சீசன் காலத்தில் ஒரே நாளில் 10 ஆயிரம் பேர் வரை இங்கே வந்து குவிகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது இந்த ஊரில்?

மச்சு வழியாக நடந்தார்கள்

ஏரிக்கும் மலைக்கும் நடுவே சமதரை மிகக் குறைவு. ஆகவே வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல மலைச்சரிவில் நிற்கின்றன. மரம் நடக்கூட இடம் இல்லை. பேரிக்காய் மரத்தைச் சுவரோடு சேர்த்து, கொடி போலப் படர விட்டிருக்கிறார்கள்.

1890-ம் ஆண்டு வரை ஏரிக்கரையில் ரோடு கிடையாது. வெளியூர் போகவேண்டுமானால் படகில் போகவேண்டும். அல்லது மலையில் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போவதும் படகில்தான். இன்னொரு வழியும் இருந்தது. வீடுகளின் மச்சுகளை இணைத்து ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். அதன் வழியாகப் போய் வந்தார்கள்.

இன்றும் ரெயில் நிலையம் ஏரியின் அக்கரையில்தான் இருக்கிறது. ரெயிலை விட்டு இறங்கிப் படகில் ஏறினால், சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். கண்ணாடி போன்ற தண்ணீரில் வீடுகளும் கோவில் கோபுரமும் தலைகீழாகத் தெரியும். அந்தக் காட்சிதான் ஊருக்குப் புகழ் தேடித் தந்தது.

உப்பு மலை

அழகு மட்டும் இருந்தால் வயிறு நிறையுமா? இந்த ஊரை வாழவைத்தது உப்பு!

கடலில் விளையும் உப்பு அல்ல. மலைக்குள் இருக்கும் உப்பு. சுமார் 7 ஆயிரம் ஆண்டுகளாக இங்கே உப்பு எடுக்கிறார்கள். உலகிலேயே மிகப் பழமையான உப்புச் சுரங்கம் இது என்று சொல்லப்படுகிறது.

2003-ம் ஆண்டில் சுரங்கத்துக்குள் ஒரு மரப்படிக்கட்டு அகப்பட்டது. சோதித்துப் பார்த்தார்கள். அது கி.மு. 1344-ம் ஆண்டில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. 3 ஆயிரத்து 300 ஆண்டுகள் ஆகியும் அது உளுத்துப் போகவில்லை. காரணம், உப்பு.

1734-ம் ஆண்டில் இன்னொரு அதிசயம். சுரங்கத்தில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. எப்போதோ மண் சரிந்து மாண்டுபோன பழங்காலத் தொழிலாளி. உப்பில் ஊறிக் கிடந்ததால் உடல் அழியவில்லை. ஊரார் அதை எடுத்து அடக்கம் செய்தார்கள்.

மரக்குழாயில் ஓடிய உப்புத்தண்ணீர்

மலைக்குள் தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். உப்பு அதில் கரையும். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு கிடைக்கும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டுமே? அருகில் இருந்த காடு போதவில்லை.

எனவே 1595-ம் ஆண்டில் ஒரு வேலை தொடங்கினார்கள். 13 ஆயிரம் மரங்களைக் குடைந்து குழாய் ஆக்கினார்கள். அவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்தி, 40 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள எபன்சே என்ற ஊர் வரை உப்புத்தண்ணீரைக் கொண்டு போனார்கள். வேலை முடிய 12 ஆண்டுகள் ஆயின.

சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் மரச்சறுக்கில் சறுக்கிக்கொண்டு இறங்கலாம். அதன் நீளம் 64 மீட்டர். குழந்தைகளுக்கு ஒரே குதூகலம்!

பூ வரைந்த மண்டை ஓடுகள்

ஊரில் வீடு கட்டவே இடம் இல்லை. சுடுகாட்டுக்கு எங்கே போவது? சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்றுதான் உண்டு.

அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. புதைத்துப் பல ஆண்டுகள் ஆனபின், எலும்புகளை வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறொருவரை அடக்கம் செய்வார்கள். எடுத்த மண்டை ஓட்டை வெயிலில் காயவைத்து, அதன் மேல் பூவும் இலையும் வரைந்து, இறந்தவர் பெயரையும் எழுதுவார்கள். ஒரு சிறு கோவிலில் 1,200-க்கும் அதிகமான மண்டை ஓடுகள் இருக்கின்றன. அவற்றில் பல இப்படிப் பூ வரைந்தவை.

கேட்கப் பயமாக இருக்கிறதா? அந்த ஊராருக்கு அது பயம் அல்ல, பாசம். தாத்தா, பாட்டியைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்ற எண்ணம்.

சீனாவில் ஒரு நகல்!

1997-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 2006-ம் ஆண்டில் கொரியா டெலிவிஷன் தொடர் ஒன்றில் இந்த ஊர் இடம்பெற்றது. அதன்பின் கீழ்நாடுகளில் இருந்தும் கூட்டம் வந்தது.

2012-ம் ஆண்டில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இதே போல ஒரு ஊரையே கட்டி விட்டார்கள். ஏரி, கோவில், கடைத்தெரு எல்லாம் அச்சு அசல்! அசல் ஊரின் மக்களுக்கு முதலில் அதிர்ச்சி. பிறகு சமாதானம் ஆகிவிட்டார்கள்.

வேலி போட்டார்கள்

ஆனால், வரும் கூட்டத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. கூட்டத்தினர் பஸ்சில் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். சில மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். ஊராருக்கு மிஞ்சுவது இரைச்சலும் நெரிசலும்தான்.

2020-ம் ஆண்டு முதல் சுற்றுலா பஸ்களுக்கு நேரம் ஒதுக்கிக் கட்டுப்படுத்தினார்கள். 2023-ம் ஆண்டில், எல்லோரும் படம் எடுக்கும் இடத்தில் மரவேலி போட்டார்கள். எதிர்ப்பு வரவே அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரார் ஒன்றுகூடிப் போராட்டம் நடத்தினார்கள். சுரங்கப் பாதையில் போக்குவரத்தைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள்.

“வராதீர்கள்” என்று அவர்கள் சொல்லவில்லை. “நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வையுங்கள். மாலைக்கு மேல் பஸ் வேண்டாம்” என்பதே கோரிக்கை.

சுற்றுலாவால் அவர்களுக்கு வருமானமும் உண்டு. ஆனால் காசுக்காக நிம்மதியை விற்றுவிட்டால், கடைசியில் கடைகள் இருக்கும், குடும்பங்கள் இருக்காது.

விருந்தாளி போல...

சின்ன ஊர் எங்கே இருந்தாலும் இது பொருந்தும். அங்கே தெருவே திண்ணை. ஜன்னலே வீட்டின் கண். அதற்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது மரியாதை ஆகாது.

அவசரமாக வந்து ஓடாமல், ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். அந்த ஊர்க் கடையில் சாப்பிட வேண்டும். கடைசி பஸ் போனபின், ஏரிக்கரையில் சத்தம் அடங்கும். வீடுகளில் விளக்கு எரியும். அப்போதுதான் அந்த 800 பேரின் ஊர், அவர்களுடைய ஊராகத் தெரியும்!