ஊர்ப் பணம் – 7: கூட்டிப் பார்க்க ஆளில்லாத கணக்கு

2008-இல் ஒரு நாள். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் பெல் என்ற சிறு நகரத்தில், குடியிருப்பவர் ஒருவர் நகராட்சி அலுவலகப் படியேறினார். நகர மேலாளருக்கு எக்கச்சக்கச் சம்பளம் என்று ஊரில் பேச்சு. எவ்வளவு என்று முறைப்படி கேட்டார். ஒரு தாள் கைக்கு வந்தது. மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவுக்கு மாதம் 15,478 டாலர். கவுன்சிலர்களுக்கு ஆளுக்கு மாதம் 673 டாலர். பெரிய சம்பளம்தான், வாயைப் பிளக்கிற அளவுக்கு இல்லை. ஊர் வாய்க்கு வேறு வேலையில்லை என்று அவர் வீடு திரும்பியிருக்கக்கூடும்.

அந்தத் தாளே பொய். உண்மைத் தொகை அதைப்போல் பல மடங்கு. 2010-இல்தான் அது வெளியே வந்தது.

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் 'ப்ரொபொசிஷன் 13' பற்றிப் பார்த்தோம். சொத்து வரியின் அடிப்படை விகிதம் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 1978-இல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுப் பூட்டிய பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்காமலே சன்னல் வழியாக உள்ளே போனவர்களின் கதை இது.

முதலில் ஊரைப் பற்றி. பெல்லின் பரப்பு இரண்டரைச் சதுர மைல். 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 35,477. பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மாவட்டத்தின் ஏழை ஊர்களில் ஒன்று. நிர்வாக முறை எளிமையானது. மக்கள் ஐந்து கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் மேயர். ஆனால் சாவிக்கொத்து மேயரிடம் இல்லை, கவுன்சில் நியமிக்கும் நகர மேலாளரிடம். வேலைக்கு ஆள் எடுப்பது, பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் பேசுவது எல்லாம் அவர்தான். ரிஸ்ஸோ 1993-இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது ஆண்டுச் சம்பளம் 72,000 டாலர்.

வீடு வைத்திருப்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவருக்குத் தெரிவது வரி பில் ஒன்றுதான். பெல்லில் அது கனமாக இருந்தது. சொத்து வரி விகிதம் 1.55 சதவீதம், மாவட்டத்திலேயே இரண்டாவது உயர்ந்த விகிதம். 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 6,200 டாலர் கட்ட வேண்டும். ஹாலிவுட் நட்சத்திரங்கள் கடலைப் பார்த்தபடி வாழும் மாலிபுவில் விகிதம் 1.10 சதவீதம், அதே மதிப்புக்கு 4,400 டாலர்தான். துப்புரவுத் தொழிலாளியும் தையல் தொழிலாளியும் வாழும் ஊரில் 1,800 டாலர் அதிகம்!

1 சதவீத உச்சவரம்பு இருக்கும்போது இது எப்படி 1.55 ஆயிற்று? வாக்காளர் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான தவணை, ஊழியர் ஓய்வூதியத்துக்கான தனி வரி என்று மேலே சில அடுக்குகள் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பெல் அந்த ஓய்வூதிய அடுக்கை 2007-இல் சட்டம் அனுமதித்த அளவுக்கு மேலே ஏற்றியது. அப்படிக் கூடுதலாக உருவிய தொகை 29 லட்சம் டாலர் என்று மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங் பின்னால் கண்டுபிடித்தார். கடன் பத்திர அடுக்கின் கதை இன்னும் வேடிக்கை. விளையாட்டுப் பூங்கா கட்டுவதாகச் சொல்லிக் கடன் வாங்கினார்கள். அதில் 2 கோடியே 35 லட்சம் டாலர் வட்டியே வராத கணக்கில் தூங்கியது. பூங்கா வரவில்லை, மண் தரைதான் கிடந்தது. ஊரார் கட்டிய கடன் தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

வரியோடு முடியவில்லை. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினால் போலீஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். மீட்க நகராட்சிக்கு 300 டாலர், அதாவது அக்கம்பக்கத்து ஊர்களைப்போல் மூன்று மடங்கு. இழுவை வண்டிக்காரருக்கும் நிறுத்துமிடத்துக்கும் தனிக் காசு. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு அப்போது கலிஃபோர்னியாவில் உரிமமே கிடையாது. ஆனால் வேலைக்கு வண்டியில்தான் போயாக வேண்டும். புகார் கொடுக்கவும் அவர்களுக்குப் பயம். இப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஊரில் இழுவை வண்டி ஒரு வசூல் இயந்திரம்.

இனி அந்தச் சன்னல். 2005-இல் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநில அரசு கடிவாளம் போட்டது. பெல் அளவுள்ள ஊரில் கவுன்சிலருக்கு மாதம் 400 டாலர் என்பதுதான் சட்டத்தின் கணக்கு. தனக்கென்று சொந்தச் சாசனம் வைத்திருக்கும் நகரத்தை மட்டும் அந்தக் கடிவாளம் கட்டாது. அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பெல் ஒரு சிறப்புத் தேர்தல் நடத்தியது. வாக்குச்சீட்டில் வேறு எதுவும் இல்லை. 'பெல் சாசன நகரமாகலாமா' என்ற ஒரே கேள்வி. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை முடிந்த கையோடு வந்த அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் தபால் ஓட்டு. உள்ளாட்சிக்கு அதிக அதிகாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சம்பளம் என்ற பேச்சே எழவில்லை.

அதன் பிறகு கவுன்சிலர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை நெருங்கினார்கள். பகுதிநேர வேலைக்கு! வழி இதுதான்: வீட்டுவசதி வாரியம், நிதி வாரியம், உபரிச் சொத்து வாரியம், குப்பை மறுசுழற்சி வாரியம் என்று நகரத்துக்குள்ளேயே பல வாரியங்கள். எல்லாவற்றிலும் இதே ஐந்து பேர்தான் உறுப்பினர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளம். கூட்டங்கள் ஓரிரு நிமிடத்தில் முடிந்தன. சில கூடவே இல்லை. குப்பை வாரியம் ஒரு தடவைகூடக் குப்பையைப் பற்றிப் பேசியதில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம்.

இவ்வளவும் இருட்டறையில் நடந்ததல்ல. தாள்கள் நகராட்சி அலமாரியில்தான் இருந்தன. என்னை உறுத்துவது இதுதான். ரிஸ்ஸோவின் சம்பளம் ஒரே ஒப்பந்தத்தில் இல்லை. வாரியவாரியாகப் பல ஒப்பந்தங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றை மட்டும் உருவிப் பார்த்தால் பாவம், நியாயமாகத்தான் தெரியும். துணை மேலாளர் ஏஞ்சலா ஸ்பாசியா, புதிதாக வரவிருந்த போலீஸ் தலைவர் ராண்டி ஆடம்ஸுக்கு எழுதிய மின்னஞ்சல் பின்னால் சிக்கியது. நம் சம்பளம் யார் கண்ணையும் உறுத்தாதபடி ஒப்பந்தங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறோம் என்கிறார் அதில். 'சம்பளக் காலம்' என்று ஒரு சொல் வரும். அது வாரமா, இரண்டு வாரமா, மாதமா என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. யாராவது மெனக்கெட்டு உட்கார்ந்து உங்கள் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக என்று விளக்கம் வேறு. பெல்லின் பணத்தையெல்லாம் எடுத்துக்கொள்ள வருகிறேன், சரி, ஒரு பங்கு போதும் என்று ஆடம்ஸ் விளையாட்டாக எழுத, சேர்ந்து கொழுப்போம், அளவு மீறிக் கொழுத்த பன்றிதான் வெட்டுப்படும் என்கிற தொனியில் இவர் பதில் எழுதியிருக்கிறார்.

கூட்டிப் பார்க்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தார்கள். வெளித் தணிக்கை நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் கணக்கைப் பார்த்தது, கையெழுத்திட்டது. களத் தணிக்கைக்கான 17 விதிகளில் 13-ஐ அந்த நிறுவனம் பின்பற்றவில்லை என்றும், அது வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்றும் சியாங் பின்னால் அறிக்கை எழுதினார். ஊருக்கென்று நிருபர் அனுப்பும் நாளிதழும் இல்லை.

கடைசியில் கூட்டிப் பார்க்க வைத்தது பக்கத்து ஊர். 2010 கோடையில், பெல்லை ஒட்டிய மேவுட் என்ற நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்து ஊழியர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியது; நிர்வாகத்தைப் பெல்லிடமே ஒப்படைக்கப் பார்த்தது. அதை விசாரித்துக்கொண்டிருந்த 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் வீவ்ஸ் இருவருக்கும், பெல் கவுன்சிலர்களின் சம்பளத்தை மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி காதில் விழுந்தது. கலிஃபோர்னியாவில் 1968-இலிருந்தே பொது ஆவணச் சட்டம் உண்டு, நம்மூர் ஆர்.டி.ஐ.க்கு மூத்தது. மனுப் போட்டார்கள். இன்று, நாளை என்று இழுத்தடித்தார்கள். விடாமல் நச்சரித்தபின், ஊரில் உள்ள லிட்டில் பேர் பூங்காவின் கூட்ட அறைக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்தது.

போனால், அங்கே மேலாளரோடு ஒரு பட்டாளமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தக் கட்டு ஒன்று முன்னால் கிடந்தது. புரட்டிக் கூட்டிக்கொண்டிருக்காமல் காட்லீப் நேராகவே கேட்டார்: உங்கள் சம்பளம் எவ்வளவு? ரிஸ்ஸோ இருமினார். இருமலுக்கு நடுவே ஏழு லட்சம் என்று ஒரு எண் வந்தது. அந்த எண் ஜனங்களுக்குத் தொண்டையில் சிக்குகிறது என்றால் நான் தவறான தொழிலில் இருக்கிறேன் போலிருக்கிறது, தனியார் துறைக்குப் போனால் இதைச் சம்பாதிப்பேன் என்பது அவர் நியாயம்.

அதிலும் கொஞ்சம் அடக்கிச் சொல்லியிருந்தார். 2010 ஜூலையில் செய்தி வந்தபோது அச்சான தொகை 7,87,637 டாலர். அன்றைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்க அதிபருக்கே 4 லட்சம் டாலர்தான். ஸ்பாசியாவுக்கு 3,76,288. சின்ன ஊரின் போலீஸ் படையை நடத்திய ஆடம்ஸுக்கு 4,57,000. விடுப்புச் சம்பளம், இதர சலுகை எல்லாம் சேர்த்தால் ரிஸ்ஸோவின் ஆண்டு வரவு 15 லட்சம் டாலரைத் தொட்டது. அவரிடம் பந்தயக் குதிரைகளும் இருந்தன. அதில் ஒன்றின் பிரெஞ்சுப் பெயருக்குப் பொருள், 'பணத்தைச் செலவழி'. இதை நான் கதையில் எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

நகராட்சி வாசலில் நூற்றுக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். அதுவரை கவுன்சில் கூட்டத்தில் காலி நாற்காலிகளே அதிகம். ஒரே வாரத்தில் மூன்று அதிகாரிகளும் ராஜினாமா. ஊரார் தொடங்கிய இயக்கத்தின் சுருக்கப் பெயர் 'பாஸ்டா'. ஸ்பானிய மொழியில் 'போதும்' என்று பொருள். செப்டம்பர் 21 காலையில் ரிஸ்ஸோ, ஸ்பாசியா, மேயர் ஆஸ்கர் ஹெர்னாண்டஸ், இந்நாள் முன்னாள் கவுன்சிலர்கள் என எட்டுப் பேர் கைது. 2011 மார்ச் தேர்தலில் பதவியில் இருந்தவர்களைத் திருப்பி அழைத்து, ஐந்து இடங்களிலும் புது ஆட்களை உட்கார வைத்தது ஊர். 69 குற்றச்சாட்டுகளையும் எதிர்க்காத ரிஸ்ஸோவுக்கு 2014 ஏப்ரலில் 12 ஆண்டுச் சிறை. ஸ்பாசியாவுக்கு 11 ஆண்டு 8 மாதம். ஒரு கவுன்சிலர் மட்டும் விடுதலையானார். மாநிலத்தில் ஒவ்வொரு உள்ளாட்சிப் பதவிக்கும் என்ன சம்பளம் என்று யாரும் தேடிப் பார்க்கும்படி சியாங் இணையத்தில் பட்டியல் போட்டார். ஓய்வூதிய அடுக்கில் கூடுதலாக வாங்கிய 29 லட்சத்தை வீட்டுக்காரர்களுக்கே திருப்பித் தரத் தனிச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. திருப்பித் தரும் வழியே பழைய சட்டத்தில் இல்லை!

ஒரு ஆள் பாக்கி. லொரென்சோ வெலேஸ். 2009-இல் காலியான இடத்துக்கு வந்த கவுன்சிலர். மற்ற நால்வரும் லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது இவருக்கு ஆண்டுக்கு 8,076 டாலர்தான் வந்தது. மற்றவர்கள் வாங்குவது தனக்குத் தெரியாது என்றார். வழக்கில் அவர் பெயர் இல்லை. 8,076-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 673 வரும்.

2010 ஜூலைக் கடைசியில், வாசலில் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, கவுன்சில் தன் சம்பளத்தை 90 சதவீதம் வெட்டித் தீர்மானம் போட்டது. இனி ஆளுக்கு மாதம் 673 டாலர். இரண்டு ஆண்டுக்கு முன்னால் கவுண்டரில் கொடுத்த பொய்த் தாளில் இருந்த அதே எண்.

பெல்லுக்குப் பக்கத்தில் வெர்னன் என்று ஒரு நகரம். 2010-இல் அங்கே குடியிருந்தவர்கள் 112 பேர். அங்கே யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)