கப்பலேறிய கொள்ளுப்பாட்டி

போன தை மாதம் டர்பனிலிருந்து ஓர் அம்மாள் எங்கள் ஓரிக்கைக்கு வந்திருந்தார். தாய்வழிக் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊரைத் தேடுகிறாராம். 1860 முதல் 1911 வரை கரும்புத் தோட்டம் முதலான வேலைகளுக்காக நம் நாட்டிலிருந்து நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்துதான். நமக்கு இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கேயோ, போன ஆணின் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. பெண்ணின் பெயர்? போயே போச்சு!

எச்சிலைக் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனையும் செய்திருக்கிறார். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா, இந்திய வழி என்று காட்டியதாம். அது ஊரைச் சொல்லுமா? உறவு தெரிய வேண்டுமானால் இங்குள்ளவர்களும் எச்சில் கொடுக்க வேண்டும்.

கைகொடுத்தது கப்பல் பட்டியல்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. கொள்ளுப்பாட்டிக்கு வயது 18, செங்கல்பட்டு ஜில்லா. (காஞ்சிபுரம் அன்று அதில்தான்.) கிராமத்தின் பெயரை மட்டும் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். எதிர்வீட்டு ஆயா அதை உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, "இது மூணு ஊருக்குப் பொருந்துதேம்மா" என்றார். மறுநாளே ஆட்டோ பிடித்தோம். இரண்டாவது ஊரில் ஒரு பெரியவர், "எங்க பாட்டியோட அக்கா ஒருத்தி கப்பலேறிட்டான்னு சொல்வாங்க" என்றார். அவருடைய எச்சில் சின்னக் குழாயில் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.