பிரிட்டனில் வீட்டுக்கு ஹீட் பம்ப்: 7,500 பவுண்டு மானியம் போக கையிலிருந்து எவ்வளவு போகும்?

வெளியே 2 டிகிரி குளிர். 15 வருஷமாக ஓடிய கேஸ் பாய்லர் திடீரென நின்றுவிடுகிறது. வந்து பார்த்த பிளம்பர், 'இனி இது தேறாது' என்கிறார். புதிய கேஸ் பாய்லர் போட 2,500 முதல் 3,000 பவுண்டு வரை ஆகும். இன்னொரு பக்கம், ஹீட் பம்ப் போட்டால் அரசே 7,500 பவுண்டு மானியம் தருகிறது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பிரிட்டனில் சொந்த வீடு வைத்திருக்கும் பலர் முன் இப்போது இந்தக் கேள்வி இருக்கிறது. மானியத் தொகையைப் பார்த்ததும் 'அப்போ கிட்டத்தட்ட சும்மா கிடைக்குதே' என்று தோன்றலாம். ஆனால், கணக்கு அவ்வளவு எளிதல்ல.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

ஏசியைத் திருப்பிப் போட்டது போன்ற ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளும். ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப், வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும். அந்தத் தண்ணீர்தான் ரேடியேட்டர்களுக்கும் குளியலறைக் குழாய்க்கும் போகிறது.

'குளிர்காலத்துல காத்துல ஏது வெப்பம்?' என்று கேட்கலாம். இப்போது பல ஹீட் பம்ப்களில் குளிரூட்டியாகப் பயன்படும் புரொப்பேன், மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அதனுடன் ஒப்பிட்டால் பூஜ்ஜியம் டிகிரி காற்றுகூட சூடுதான். பிரிட்டனை விடக் குளிரான நார்வேயில் வீடுகளில் ஹீட் பம்ப் சர்வ சாதாரணம்.

மொத்தச் செலவு எவ்வளவு?

மூன்று படுக்கையறை கொண்ட சாதாரண வீட்டுக்கு மானியம் கழிக்காமல் 10,000 முதல் 15,000 பவுண்டு வரை கேட்கிறார்கள். பெரும்பாலான மதிப்பீடுகள் 12,000 - 13,000 பவுண்டு என்ற அளவில் வந்து நிற்கும். ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் என வைத்தால் சுமார் 14 லட்சம் ரூபாய். மானியம் போக மீதம் சுமார் 5,000 பவுண்டு வீட்டுக்காரர் கையிலிருந்து போகும்.

வெளியே வைக்கும் அந்தப் பெட்டி மட்டும் இவ்வளவு விலை இல்லை. அதைச் சுற்றி நடக்கும் வேலைதான் பணத்தை இழுக்கிறது.

கேஸ் பாய்லர் 60 - 70 டிகிரி சூட்டில் தண்ணீரை அனுப்பும். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட வேண்டுமானால் அது 45 - 50 டிகிரிதான் இருக்க வேண்டும். சூடு குறைந்த தண்ணீரை வைத்து அதே அறையைச் சூடாக்க ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அதனால் சில ரேடியேட்டர்களையாவது மாற்றச் சொல்வார்கள்.

அடுத்தது சுடுதண்ணீர் டேங்க். காம்பி பாய்லர் உள்ள வீடுகளில் டேங்க் இருக்காது, குழாயைத் திறந்ததும் பாய்லரே சூடாக்கித் தரும். ஹீட் பம்ப்பால் அது முடியாது. 200 லிட்டர் அளவிலான சிலிண்டர் ஒன்று வேண்டும், அதற்கு ஒரு அலமாரி அளவுக்கு இடமும் வேண்டும். லண்டனின் சின்ன வீடுகளில் பணத்தை விட இந்த இடப் பிரச்னைதான் பெரிது.

70-கள், 80-களில் கட்டிய சில வீடுகளில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் இருக்கும். அவற்றை மாற்ற வேண்டி வந்தால் தரையைப் பெயர்க்க வேண்டும். முதலில் சொன்ன தொகை எகிறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மானியம் யாருக்குக் கிடைக்கும்?

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்' என்ற திட்டம் 2022-ல் தொடங்கியது. முதலில் 5,000 பவுண்டாக இருந்த மானியம், 2023 அக்டோபரில் 7,500 ஆக உயர்ந்தது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் இதை நிர்வகிக்கிறது. ஸ்காட்லாந்தில் தனித் திட்டம் இருக்கிறது. அங்கே மானியத்தோடு வட்டியில்லாக் கடனும் உண்டு.

வீட்டுக்காரர் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எம்சிஎஸ் சான்றிதழ் பெற்ற நிறுவனம் விண்ணப்பித்து, மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு பில் போடும். மானியத்தைப் பிறகு வாங்கித் தருகிறோம், முழுத் தொகையையும் இப்போதே கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் உஷாராக இருப்பது நல்லது.

வாடகைக்கு இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. வீட்டின் உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய கேஸ் பாய்லரை வைத்துக்கொண்டே கூடுதலாக ஹீட் பம்ப் போட்டாலும் இந்த மானியம் கிடையாது.

மாத பில் குறையுமா?

இங்கேதான் விளம்பரங்கள் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்துக்கு சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். அது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் மின்சாரத்தின் விலை கேஸைப் போல 4 மடங்கு. 2025 ஜூலை - செப்டம்பர் காலத்துக்கான விலை வரம்பில் ஒரு யூனிட் மின்சாரம் 25.73 பென்ஸ், கேஸ் 6.33 பென்ஸ்.

வருடத்துக்கு 11,500 யூனிட் கேஸ் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த விலையில் கேஸுக்கு 728 பவுண்டு. பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்த வெப்பம் 10,350 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் தர வேண்டும். அதன் ஆண்டு சராசரித் திறன் 2.8 என்றால் மின்சாரச் செலவு 951 பவுண்டு. அதாவது பில் கூடுகிறது. திறன் 3.5 என்றால் 761 பவுண்டு.

பிரிட்டன் அரசு நிதியில் 700-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த சோதனையில் பதிவான நடுத்தர அளவு சுமார் 2.8 தான். அளவெடுத்து, சரியாக வடிவமைத்துப் பொருத்திய வீடுகளில் 3.5-ஐயும் தாண்டுகிறது. கருவி அதேதான், பொருத்தியவரின் வேலையில்தான் வித்தியாசம்.

கேஸ் இணைப்பையே துண்டித்துவிட்டால் நாளுக்கு சுமார் 30 பென்ஸ் நிலையான கட்டணம் மிச்சம். வருடத்துக்கு 109 பவுண்டு. அப்போது 3.5 திறன் கணக்கில் ஹீட் பம்ப் முந்திவிடும். ஆனால் சமையல் கேஸ் அடுப்பில் என்றால் இணைப்பைத் துண்டிக்க முடியாது. அங்குள்ள தமிழ் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் இரும்பு தோசைக்கல் வேலை செய்யும், அலுமினிய இட்லிப் பானை வேலை செய்யாது. புது அடுப்பு, புதுப் பாத்திரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

எண்ணெய் பாய்லரோ பழைய மின் ஹீட்டரோ வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. குறிப்பாக மின் ஹீட்டரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் வரும் என்பதால், ஹீட் பம்ப்புக்கு மாறினால் பில் நன்றாகவே குறையும். இரவு நேரம், மதிய நேரம் போன்ற சில மணி நேரங்களில் மலிவாக மின்சாரம் தரும் ஹீட் பம்ப் கட்டணத் திட்டங்களும் வந்திருக்கின்றன.

எப்போது முடிவு செய்வது?

பாய்லர் நின்ற பிறகு யோசித்தால் நேரம் இருக்காது. புதிய பாய்லரை ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். ஹீட் பம்ப்புக்கு அறை அறையாக வெப்ப இழப்பை அளக்க வேண்டும், வடிவமைக்க வேண்டும், விண்ணப்பம் ஒப்புதலாக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டோடு மின் இணைப்பு சேர்ந்திருந்தால் அதைப் பிரிக்க இன்னும் நாளாகும். குளிரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பாய்லருக்கு 10 வயதைத் தாண்டியவர்கள் கோடையிலேயே மூன்று நிறுவனங்களிடம் மதிப்பீடு வாங்கி வைப்பது உதவும். அறைவாரியாக அளக்காமல் போனிலேயே விலை சொல்பவரின் மதிப்பீட்டை ஒதுக்கிவிடலாம்.

ஹீட் பம்ப் பொருத்தும் வேலைக்கு இப்போது வாட் வரி பூஜ்ஜியம். இந்தச் சலுகை 2027 மார்ச் 31 வரை என்று அறிவிக்கப்பட்டுள்ளது.