நூறு சுற்று போட்டும் ஏறாத குண்டூசி

அறிவியல் கண்காட்சி என்றால் எங்காவது ஒரு மேசையில் மின்காந்தம் இருந்தே தீரும். ஓர் இரும்பு ஆணி, மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய எனாமல் பூசிய செம்புக் கம்பி, டார்ச் செல், ஒரு டப்பா குண்டூசி, அவ்வளவுதான் செலவு. ‘சுற்றுகள் கூடக் கூட காந்த வலிமை கூடும்’ என்று சார்ட்டில் எழுதி, கீழே நேர்கோடாக ஒரு வரைபடம் போட்டுவிடுவார்கள்.

உண்மையில் அளந்தால் கோடு அப்படி வராது. 25 சுற்றிலிருந்து 50க்குப் போகும்போது ஊசிகள் நன்றாகக் கூடும். 100, 200 என்று போகப் போக சுணங்கிவிடும். ‘நமக்குத்தான் சரியாக வரவில்லை’ என்று மாணவர் எண்களைத் திருத்துவதும் உண்டு. ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ‘சுற்று கூடியபோது மின்னோட்டமும் மாறாமல் இருந்ததா?’ என்று ஓரத்தில் கேட்டுவைத்தால்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது.

காந்த வலிமையைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் பெருக்கிய தொகை. சுற்று கூடினால் கம்பி நீளும், மின்தடை ஏறும், மின்னோட்டம் குறையும். 26 கேஜ் கம்பியில் மீட்டருக்குச் சுமார் 0.1 ஓம் தடை. கம்பியைத் தவிர வேறு தடையே இல்லையென்றால், சுற்றை இரட்டிப்பாக்கும்போது மின்னோட்டம் பாதியாகி, பெருக்குத்தொகை இருந்த இடத்திலேயே நிற்கும்! செல்லுக்குள்ளும் கொஞ்சம் தடை இருப்பதால்தான் ஆரம்பத்தில் ஏற்றம் தெரிகிறது.

இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் ஜோசப் ஹென்றி. அமெரிக்காவின் ஆல்பனி அகாடமியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்தவர். ஒற்றைச் செல்லுக்கு ஒரே ஒரு நீளமான கம்பி ஒத்துவராது, பல குட்டைக் கம்பிகளைச் சுற்றி அவற்றைப் பக்க இணைப்பில் இணைப்பதே மேல் என்று கண்டார். 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது.

பள்ளி மேசைக்கு இவ்வளவு வேண்டாம். எல்லா அளவீட்டுக்கும் ஒரே நீளக் கம்பியை எடுத்து, சுற்றியதுபோக மிச்சத்தைத் தொங்கவிட்டால் தடை மாறாது. அம்மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பி முனைகளில் எனாமலை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பாதிப் புராஜெக்டுகள் படுப்பது இங்கேதான். ஸ்விட்சைச் சில நொடிகளுக்கு மேல் போட்டு வைத்தால் கம்பி சூடேறும், செல்லும் இறங்கும். அதனால் 100 சுற்றை அளந்த கையோடு மறுபடி 25 சுற்றை அளந்து, பழைய எண் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று ஊசிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆணி எஃகாக இருந்தால் இந்த எச்சக் காந்தம் அதிகம், தேனிரும்பில் குறைவு. அந்த ஊசிகளையும் எண்ணி, அட்டவணையில் தனிப் பத்தி போட்டு எழுதச் சொல்லலாம்.