பொருந்தும் பாதை

நுழையும்முன்

ஒரு பொருளைச் செய்வது ஒரு கலை. பிறர் செய்த பொருளோடு பிசிறின்றிப் பொருந்துமாறு செய்வது மற்றொரு கலை. இவ்விரண்டையும் செய்யத் தெரிந்தவரிடம் முதல் இல்லையெனில், முன்பின் அறியாத பலர் சிறுசிறு தொகையாகத் தந்து அவருக்குத் துணைநிற்க இயலும். பொம்மைத் தொடர்வண்டியின் தண்டவாளம் என்னும் எளிய பொருளைக் கொண்டு அளவு, உற்பத்தி, பொதுமக்கள் நிதி, நம்பிக்கை ஆகியவற்றின் உறவை விளக்குகிறது இப்பாடம்.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய பாதை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. அதன் மேற்கு அடிவாரத்தை ஒட்டிய திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905ஆம் ஆண்டு இருப்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 762 மில்லிமீட்டர். அருகிலேயே சோலையார்பேட்டை வழியாகச் சென்ற முதன்மைப் பாதையின் அகலமோ 1676 மில்லிமீட்டர்.

அளவில் தோன்றிய இவ்வேறுபாடு நடைமுறையில் ஒரு சுவராக நின்றது. சிறிய பாதையில் வந்த பெட்டி பெரிய பாதையில் ஏற இயலாது. மூட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். அதனால் கூலி கூடும்; காலம் நீளும்; பொருள் சேதமாகும். 1936ஆம் ஆண்டு அப்பாதை மூடப்பட்டது. பின்னர் 1992இல் இந்திய இரயில்வே 'ஒரே அகலப்பாதைத் திட்டம்' ஒன்றைத் தொடங்கி, மீட்டர் பாதைகளையும் குறுகிய பாதைகளையும் அகலப்பாதையாக மாற்றத் தலைப்பட்டது. நாடு முழுவதும் ஒரே அளவு இருந்தால்தான் ஓரிடத்துப் பெட்டி வேறெங்கும் செல்லும் என்பதே அத்திட்டத்தின் உட்பொருள்.

குமிழ் எட்டு மில்லிமீட்டர்

இதே உண்மை குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தும் நெகிழிக் கட்டைகளைப் பலரும் அறிவர். டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில் 1932இல் தொடங்கப்பட்ட லெகோ நிறுவனம், இன்று வழக்கிலுள்ள கட்டையின் வடிவத்திற்கு 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. கட்டையின் மேலுள்ள ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவு வரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையுடன் பொருந்துகிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அளவு மாறாமல் காத்ததே அதன் வலிமை.

1966இல் அந்நிறுவனம் கட்டைகளால் ஆன தொடர்வண்டியை வெளியிட்டது. அதன் நேர்த் தண்டவாளத்துண்டு 16 குமிழ் நீளம், அதாவது 128 மில்லிமீட்டர். வளைவுத்துண்டின் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மில்லிமீட்டர். ஒவ்வொரு வளைவுத்துண்டும் 22.5 பாகை திரும்பும்; எனவே 16 துண்டுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் அமையும்.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. சிறுவராக இருந்தபோது விளையாடியவர்கள் வளர்ந்து, உண்மை வண்டிகளைப்போன்ற நீண்ட பெட்டிகளைக் கட்டத் தொடங்கினர். குறுகிய வளைவில் அப்பெட்டிகள் உராய்ந்தன, தடம் புரண்டன. அகன்ற வளைவு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். ஆனால் 104 குமிழ் ஆரமுள்ள வட்டத்தின் விட்டம் 1664 மில்லிமீட்டர். ஓர் அறையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். அதனை வாங்குவோர் உலகெங்கும் சிதறிக்கிடக்கும் சிலரே. கோடிக்கணக்கில் விற்கும் நிறுவனத்திற்கு அச்சிலரின் தேவை சிறிது. அச்சிலருக்கோ அதுவே பெரிது.

பிறர் பொருளோடு பொருந்தச் செய்யலாமா?

ஒருவர் உருவாக்கிய கட்டையோடு பொருந்தும் பொருளை வேறொருவர் செய்வது முறையா என்னும் வினா இயல்பானது. காப்புரிமை என்பது புதிதாகக் கண்டறிந்தவருக்குக் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் வழங்கப்படும் தனியுரிமை. இந்தியாவில் அக்காலம் 20 ஆண்டுகள். அதன்பின் அக்கண்டுபிடிப்பு உலகிற்குப் பொதுவாகும். ஆனால் நிறுவனத்தின் பெயரும் வணிகக் குறியும் பொதுவாவதில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் வழங்கிய தீர்ப்பில், குமிழ்களின் அமைப்பு கட்டை பொருந்துவதற்கான செயல்வடிவமே ஆதலால் அதனை வணிகக் குறியாகக்கொண்டு காலவரையின்றிக் காக்க இயலாது என்றது. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் இத்தன்மையதான முடிவையே எட்டியது. எனவே பொருந்தும் பொருளைச் செய்யலாம். பிறர் பெயரைத் தன் பெயராகக் காட்டி விற்கலாகாது.

அச்சும் அதன் விலையும்

பொம்மைத் தண்டவாளம் எவ்வாறு செய்யப்படுகிறது? ஏபிஎஸ் என்னும் நெகிழி மணிகளை உருக்கி, மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்துவர். குளிர்ந்து இறுகியபின் அச்சு திறக்கும், துண்டு வெளிவரும். சில நொடிகளில் முடியும் இவ்வேலைக்குப் பின்னால் நீண்ட கணக்கு உள்ளது.

உருகிய நெகிழி குளிரும்போது சுருங்கும். ஏபிஎஸ் ஏறத்தாழ 0.5 விழுக்காடு சுருங்கும் எனக் கொண்டால், 128 மில்லிமீட்டர் துண்டு 0.64 மில்லிமீட்டர் குறையும். ஆகவே அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும். துண்டின் தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி விரைவாகவும் குளிர்வதால் சுருக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது, துண்டு வளைந்துவிடக்கூடும். ஒரு துண்டில் 0.1 மில்லிமீட்டர் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 16 துண்டுகளை இணைத்தால் அப்பிழை 1.6 மில்லிமீட்டராகத் திரளும். வட்டத்தின் இரு முனைகள் ஒன்றையொன்று தொடா. தரமான கட்டைகளின் அச்சுகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த பிழையோடு வெட்டப்படுவதன் காரணம் இதுவே.

இத்தகைய அச்சு விலைமிக்கது. ஓர் எடுத்துக்காட்டாக, அச்சின் விலை பத்து இலட்சம் ரூபாய் என்றும், ஒரு துண்டுக்கான நெகிழியும் கூலியும் 20 ரூபாய் என்றும் கொள்வோம். ஆயிரம் துண்டுகள் மட்டும் செய்தால் ஒரு துண்டின் அடக்கவிலை 1020 ரூபாய். ஓர் இலட்சம் துண்டுகள் செய்தால் 30 ரூபாய். பொருள் ஒன்றுதான், அதனை வேண்டுவோரின் எண்ணிக்கையே விலையை முடிவுசெய்கிறது. எத்தனை பேர் வாங்குவர் என்பது அச்சு வெட்டும் முன்பே தெரிந்தால் அஞ்சாமல் தொழிலில் இறங்கலாம். அதனை அறியும் வழியாக அமைந்ததே திரள்நிதி.

திரள்நிதி என்பது யாது?

ஒரு முயற்சிக்கு வேண்டிய முதலைப் பெருஞ்செல்வர் ஒருவரிடமோ வங்கியிடமோ பெறாமல், பொதுமக்கள் பலரிடம் சிறுதொகைகளாகத் திரட்டுவது திரள்நிதி எனப்படும். 2008இல் இண்டிகோகோ, 2009இல் கிக்ஸ்டார்ட்டர் ஆகிய இணையத்தளங்கள் இதற்கென அமெரிக்காவில் தொடங்கப்பட்டன. செய்ய விரும்புவோர் முதலில் முப்பரிமாண அச்சுப்பொறியால் மாதிரி ஒன்றைச் செய்து காட்டுவார். இலக்குத் தொகையையும் இறுதிநாளையும் அறிவிப்பார். விரும்புவோர் பணம் அளிக்க உறுதி தருவர். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில், குறித்த நாளுக்குள் இலக்கு எட்டப்படாவிடில் எவரிடமும் பணம் பெறப்படுவதில்லை. எட்டப்பட்டால் அச்சு வெட்டப்படும். பணம் தந்தவர்களுக்குப் பொருள் அனுப்பப்படும்.

2010களில் அமெரிக்காவின் சிறு உற்பத்தியாளர் சிலர் இவ்வழியில்தான் பொருத்துகட்டைகளுக்கு இசைந்த அகன்ற வளைவுத் தண்டவாளங்களைச் செய்தனர். ஒரு பெருநிறுவனத்தின் பட்டியலில் இடம்பெறாத பொருள், வேண்டியவர்கள் கூடியதால் உருப்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

1885இல் நியூயார்க் நகரின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் அமைக்கப் பணமின்றி வேலை நின்றது. இதழாசிரியர் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியே மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தந்த சிறுதொகைகள் ஓர் இலட்சம் டாலரைக் கடந்தன. இந்தியாவில் 1976இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்தித் திரைப்படத்திற்குக் குசராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்து முதலீட்டாளர் ஆயினர்.

தமிழகம் கண்ட முன்னோடி

இணையம் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழகம் இவ்வழியை அறிந்திருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வணிகம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தபோது, வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஊர்தோறும் சென்று பங்குகள் விற்கப்பட்டன. 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன.

நிதி திரண்டதோடு போராட்டம் முடியவில்லை. எதிர்நிறுவனம் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தது. இழப்பைத் தாங்கும் செல்வம் அதற்கு இருந்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டது. பலர் கூடித் தொடங்கிய முயற்சியைப் பெருமுதலாளர் எதிர்க்கும்போது அது நிலைத்து நிற்க வேண்டுமாயின், தொடங்குவதற்கான பணம் மட்டும் போதாது. தாங்கி நிற்பதற்கான பணமும் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

பொருந்தும் தண்டவாளம் செய்வோருக்கும் இத்தகைய இடர் உண்டு. அவர் பொருளின் உயிர் பிறர் வகுத்த அளவில் இருக்கிறது. பெருநிறுவனம் அளவை மாற்றினாலோ, தானே அகன்ற வளைவைச் செய்யத் தொடங்கினாலோ, சிறு உற்பத்தியாளரின் அச்சு வெறும் இரும்பாகிவிடும். 1991இல் மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் பொதிந்த தண்டவாளங்களை வெளியிட்ட லெகோ நிறுவனம், 2000களின் பிற்பகுதியில் அவற்றைக் கைவிட்டது. பழைய வண்டிகளை வைத்திருந்தோர் புதிய துண்டுகள் கிடைக்காமல் திகைத்தனர். அளவு மாறாவிடினும் பயன் மாறலாம் என்பதற்கு இது சான்று.

நம்பிக்கையின் அளவுகோல்

திரள்நிதியில் பணம் தருவோர் கடையில் பொருள் வாங்குவோர் அல்லர். இன்னும் செய்யப்படாத பொருளுக்குப் பணம் தருவோர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் சார்பில் 2015இல் வெளிவந்த ஆய்வு, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி பெற்ற திட்டங்களுள் 9 விழுக்காடு வாக்களித்த பொருளைத் தரவில்லை என்று கண்டது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் இது நிகழலாம். அச்சைத் திரும்பத் திரும்பத் திருத்த நேரலாம். அனுப்பும் செலவு கணக்கில் விடுபட்டிருக்கலாம். மாதிரியில் பொருந்தியது ஆயிரமாவது துண்டில் பொருந்தாமல் போகலாம்.

இந்தியாவில் இதற்குச் சில வரையறைகள் உள்ளன. இணையத்தளங்கள் வழியே பொதுமக்களிடம் நிறுவனப் பங்குகளை ஒப்புதலின்றி விற்பதற்கு எதிராகப் பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி 2016இல் எச்சரித்தது. பொம்மைகளைப் பொறுத்தவரை, 2021 சனவரி 1 முதல் தரக்கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிற்று. ஆகவே இங்குத் தண்டவாளம் செய்ய முனைபவர் அச்சின் விலையோடு தரச்சோதனையின் செலவையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

எனவே பணம் தருமுன் சில வினாக்களை எழுப்புதல் நன்று. மாதிரி உண்மையில் செய்யப்பட்டதா, வெறும் படமா? செலவுகள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா? இடர்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளனவா? காலம் தாழ்ந்தால் யார் விடை சொல்வார்? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருபவரே பிறர் பணத்தைக் கையாளும் தகுதியுடையவர்.

மலைமேல் ஒரு சான்று

நுட்பமான பொருள்கள் அயல்நாட்டில்தான் இயலும் என்று கருதுவோருக்கு ஜவ்வாது மலையிலேயே விடை உண்டு. அங்குள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டு, 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. இத்தகைய ஆடியின் பரப்பில் பிழை, ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பகுதியைத் தாண்டலாகாது. பொம்மைத் தண்டவாளத்தின் அச்சுக்கு வேண்டிய துல்லியத்தைக் காட்டிலும் இது பன்மடங்கு நுட்பமானது. அம்மலைக்குக் கிழக்கே இராணிப்பேட்டையில் பொம்மைத் தொழிற்சாலையும் இயங்குகிறது. அறிவும் கருவியும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல.

பொம்மைத் தண்டவாளம் சிறிய பொருள்தான். ஆயினும் இரு துண்டுகள் பொருந்துவதற்கு அளவில் நேர்மை வேண்டும். முன்பின் அறியாத இருவர் கூடித் தொழில் செய்வதற்குச் சொல்லில் நேர்மை வேண்டும். முன்னதில் நேரும் பிழையை அளவுகோல் காட்டிவிடும். பின்னதில் நேரும் பிழையைக் காலம்தான் காட்டும். அதற்குள் பலரின் பணம் போயிருக்கும். ஆதலால் பிறர் பொருளைக்கொண்டு தொழில் தொடங்குவோர், அச்சில் காட்டும் கவனத்தினும் மிகுதியான கவனத்தை வாக்கில் காட்டுதல் வேண்டும்.