சூப்பர் டெக்னாலஜி, பெரிய கஸ்டமர்... ஆனா கம்பெனி மூடியாச்சு! ஒரு மெமரி சிப் ஸ்டார்ட்அப் கதை

"சிப் ஸ்டார்ட்அப், பெரிய கம்பெனியோட லைசென்ஸ் டீல் போட்டாச்சு, லிஸ்ட் ஆகுறதுக்கு முன்னாடியே ஷேர் வாங்கிடுங்க"ன்னு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்தா, பணம் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கதையைப் படிச்சிடுங்க.

முதல்ல, பிரச்சனை என்ன?

சமையல் பண்றவங்க கைக்கு எட்டுற தூரத்துல அஞ்சறைப் பெட்டி இருக்கும். மூட்டை அரிசி ஸ்டோர் ரூம்ல இருக்கும். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். பிராசஸர் சிப்புக்கு உள்ளேயே இருக்கிற கேஷ் மெமரிதான் அஞ்சறைப் பெட்டி. வெளியில இருக்கிற டிரேம் (DRAM) ஸ்டோர் ரூம்.

கேஷுக்குப் பயன்படுற எஸ்ரேம் ரொம்ப வேகம். ஆனா ஒரே ஒரு பிட்டைச் சேமிக்க வழக்கமா 6 டிரான்சிஸ்டர் வேணும். டிரேமுக்கு 1 டிரான்சிஸ்டரும் 1 கெப்பாசிட்டரும் போதும். சிப்ல இடம்னா காசு. கேஷ் பெருசானா சிப் பெருசாகும், ஒரு வேஃபர்ல கிடைக்கிற சிப் எண்ணிக்கை குறையும்.

இன்னொவேட்டிவ் சிலிக்கான் என்ன பண்ணாங்க?

2002-ல சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துல தொடங்கின ஸ்டார்ட்அப் இது. இவங்க மெமரி பேரு இசட்-ரேம். ஒரு பிட்டுக்கு 1 டிரான்சிஸ்டர் மட்டும்தான், கெப்பாசிட்டர் ஜீரோ. பேர்ல இருக்கிற 'இசட்' அந்த ஜீரோவைத்தான் குறிக்குது.

எப்படி? சில சிப்கள்ல டிரான்சிஸ்டருக்கு அடியில ஒரு இன்சுலேட்டர் அடுக்கு இருக்கும். அதனால டிரான்சிஸ்டரோட உடம்புல கொஞ்சம் சார்ஜ் தங்கிடும். மத்த டிசைனர்களுக்கு அது தொல்லை. இவங்க அந்தத் தொல்லையையே மெமரியா மாத்தினாங்க.

2006-ல ஏஎம்டி லைசென்ஸ் எடுத்தது. 2007-ல கொரியாவின் ஹைனிக்ஸும் எடுத்தது. இந்த இடத்துல உங்ககிட்ட ஷேர் வித்திருந்தா, நீங்க வாங்கியிருப்பீங்க இல்லையா?

அப்புறம்?

இசட்-ரேம் வெச்ச ஏஎம்டி பிராசஸர் கடைக்கு வரவே இல்லை. 2010-ல கம்பெனி மூடப்பட்டது. பேட்டன்ட்கள் மைக்ரான் கைக்குப் போயிடுச்சு.

காரணத்தைப் புரிஞ்சுக்கணும்னா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அந்தச் சார்ஜ் கசியும். லேப்ல வேலை செய்றது வேற, கோடிக்கணக்கான செல்லும் பிசகாம வேலை செய்றது வேற. ரெண்டு, அப்போ எஸ்ரேமும் ஒவ்வொரு தலைமுறைக்கும் தானாவே சுருங்கிட்டு வந்தது. பழசே போதும்னா, புதுசுல யாரு ரிஸ்க் எடுப்பாங்க?

இப்போ நிலைமை மாறியிருக்கு. டிஎஸ்எம்சி-யோட என்3ஈ டெக்னாலஜியில எஸ்ரேம் செல் அளவு 0.021 சதுர மைக்ரோமீட்டர். முந்தைய 5 நானோமீட்டர்லயும் அதே அளவுதான்! அதனால இந்தத் தேவை நிஜம். புது ஸ்டார்ட்அப்களும் வரும், புது டிப்ஸும் வரும்.

பணம் போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. லைசென்ஸ் மட்டுமா, இல்ல சிப் உற்பத்தியாகி விக்குதா? இந்த மாதிரி பிசினஸ்ல பெரிய பணம் ராயல்டியில. சிப் விக்கலைன்னா ராயல்டி இல்லை.
2. பழைய டெக்னாலஜியே இன்னும் சில வருஷம் சமாளிச்சிடுமா?
3. கம்பெனியை வித்தா பணம் முதல்ல யாருக்கு? பெரும்பாலும் வென்ச்சர் முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமை இருக்கும். மிச்சம் இருந்தாதான் சாதாரண ஷேருக்கு. சம்பளத்துல ஒரு பகுதியா இஎஸ்ஓபி தர்றாங்கன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்க.
4. நாளைக்கு அவசரம்னா இந்த ஷேரை வாங்க ஆள் இருக்கா?

நாலுக்கும் தெளிவான பதில் வரலைன்னா, எமர்ஜென்சி ஃபண்டையும் மாச எஸ்ஐபியையும் தொடாதீங்க. முழுசா போனாலும் தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ, அதுதான் உங்க லிமிட்.

உங்களுக்கு இந்த மாதிரி டிப் வந்திருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசலாம்.